பழைய ஜீப்புக்கு வேறு சில்லு போட்ட பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய ஜீப்புகளுக்கு மறுவாழ்வு வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் திரும்பிவந்து முற்றத்தில் நின்ற பழைய பஜிரோவையே தடவிப் பார்த்தார்கள். என்னுடையதும் அப்படியொரு பஜிரோதான். கதவுத் தூணில் ரயர் அளவு 235/75 ஆர்15 என்று எழுதியிருந்தது. அதற்கு 265/70 ஆர்16 போட்டு ஒன்றரை வருடம் பட்ட பாடுதான் இந்தக் குறிப்புக்கு முதல்.

கடைக்காரர் "அண்ணை, அப்பிடியே ஏறும்" என்றார். ஏறத்தான் ஏறியது. வீட்டு ஒழுங்கையில் திரும்பும்போது உரசியது, எழுபதில் நடுங்கியது, எண்ணெய் குடித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கராஜுக்குப் போய் ஒவ்வொரு சாமானை மாற்றினேன். சில்லைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினேன் என்று சொன்னால் சரி.

அதனால் ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். பழைய சில்லுகளை விற்காதீர்கள். கோளாறு வந்தால் பழைய நாலையும் திருப்பிப் போட்டு ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். கோளாறு போனால் புதுச் சில்லில் குற்றம். போகாவிட்டால் வாகனத்தில் குற்றம். இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. நான் என் பழைய றிம்களைப் புதுசு பூட்டிய அன்றே பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டேன்.

தேவையான சாமான்கள் சில: அளவுநாடா, நேரான பலகைத் துண்டு, சோக்கட்டி, நம்பக்கூடிய காற்றுமானி ஒன்று. காற்றுக்குக் கடை மீற்றரை நம்ப வேண்டாம். இரண்டு கடையில் இரண்டு கணக்குக் காட்டும். கதவுத் தூணில் உள்ள ஒட்டுச்சீட்டு ஜப்பானிய எழுத்தில் இருந்தாலும் எண்களை வாசிக்கலாம். காற்று கிலோபஸ்காலில் இருந்தால் 6.9 ஆல் பிரியுங்கள்: 200 என்பது 29 பிஎஸ்ஐ.

ரயர் எண்ணை வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். 265/70 ஆர்16 என்றால் அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 வீதம், றிம் 16 அங்குலம். 265 இன் 70 வீதம் 185.5. மேலும் கீழுமாக இரண்டு தடவை 371. றிம் 406.4. கூட்டினால் முழு உயரம் 777 மில்லிமீற்றர். என்னுடைய பழைய 235/75 ஆர்15 இதே கணக்கில் 733 சொச்சம். 7.50-16 போன்ற பழைய எண்களில் அகலம் அங்குலத்தில் இருக்கும். 31×10.5 ஆர்15 என்றால் முதல் எண்ணே உயரம், அங்குலத்தில்.

றிம் ஹப்பில் ஏறவில்லை, ஏறினாலும் ஆடுகிறது

ஹப் என்பது அச்சு முனையில் றிம் பூட்டும் குடம். முதலில் துளைகளை எண்ணுங்கள், பிறகு அந்தத் துளைகளின் நடுக்களைத் தொடும் வட்டத்தின் விட்டத்தை அளங்கள். ஆறு துளை இருந்தால் வேலை சுலபம்: எதிரெதிரான இரண்டு துளைகளின் நடுவுக்கு நடு. ஹைலக்ஸ், பழைய லான்ட் குறூசர், நிசான் பற்றோல், பஜிரோ, இசுசு ரூப்பர் எல்லாவற்றிலும் அது 139.7 மில்லிமீற்றர். ஐந்து துளையில் எதிரே துளை இல்லை. பக்கத்துத் துளைகள் இரண்டின் நடுவுக்கு நடு அளந்து 1.7 ஆல் பெருக்குங்கள். 82 வந்தால் வட்டம் 139.7, சுசுகி ஜிம்னி, பழைய விற்றாரா, வில்லிஸ் ஜீப் இந்த வகை. 97 வந்தால் 165.1, அது லான்ட் ரோவர் டிஃபென்டரும் முதல் தலைமுறை டிஸ்கவரியும். 88 வந்தால் 150. நூறாம் வரிசை லான்ட் குறூசர். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிவரச் சொல்லி யாரையாவது அனுப்பினால் இந்த எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். "ஐஞ்சு துளை ஜீப் றிம்" என்று சொல்லி அனுப்பினால் என்ன வரும் என்று அங்கே போய்த் திரும்பியவர்களுக்குத் தெரியும்.

வட்டம் சரியாக இருந்தும் ஏறாவிட்டால் நடுத்துளையைப் பாருங்கள். தெரிந்தவர் ஒருவர் புதிய பஜிரோவின் அலாய் றிம் நாலை நல்ல விலைக்கு வாங்கிப் பழைய பஜிரோவுக்குக் கொண்டு வந்தார். பெயர் ஒன்று, ஆறு துளை, வட்டமும் ஒன்று. முன்பக்கம் ஏறவேயில்லை. 1999 இல் வந்த மூன்றாம் தலைமுறை பஜிரோவின் நடுத்துளை 67.1 மில்லிமீற்றர். அதற்கு முந்திய பஜிரோக்களில் முன் ஹப் றிம்மைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு ஏறக்குறைய 108 வேண்டும். லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாம் என்று அவர் யோசித்தார். நான் வேண்டாம் என்றேன். நாற்பது மில்லிமீற்றர் உலோகத்தை நடுவில் எடுத்தபிறகு அந்த றிம்மை நம்பிப் பிள்ளைகளை ஏற்ற முடியுமா?

15 அங்குல றிம் ஏறியும் சுற்றாமல் பிரேக் கலிப்பரில் முட்டினால் அங்கே ஒரு வழியும் இல்லை. அந்த வாகனத்துக்கு 16 தான்.

அடுத்தது நட்டு. இதில்தான் உயிர் இருக்கிறது. இரும்பு றிம்முக்குக் கூம்பு முனை நட்டு. ரொயோட்டாவின் சொந்த அலாய் றிம்கள் பலவற்றுக்குத் தட்டை வாஷரும் உள்ளே குழாய்போல நீளும் கழுத்தும் கொண்ட நட்டு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் இறுகியது போலத்தான் இருக்கும், ஆனால் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. ஓட ஓடத் தளரும். நட்டின் திருகுப் புரியையும் பாருங்கள்: ரொயோட்டா, மிற்சுபிசியில் பெரும்பாலும் 12×1.5, நிசான், சுசுகியில் 12×1.25. மாறிப் போட்டால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிறகு இறுகும். அப்போது நீளக் குழாய் போட்டு மிதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

12 மில்லிமீற்றர் ஸ்ரட்டுக்கு (நட்டு ஏறும் திருகுக் கம்பிக்கு) 100 முதல் 120 நியூற்றன் மீற்றர் போதும். கைநூல் இருந்தால் அதில் உள்ளதே சரி. எதிரெதிராக இறுக்கி, நூறு கிலோமீற்றர் ஓடியபின் இன்னொரு தடவை.

ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டினால் உரசுகிறது

எங்கே உரசுகிறது என்பதுதான் விடை. ரயரின் உள் விளிம்பிலும் வெளி விளிம்பிலும் சோக்கட்டியால் தடிப்பாகப் பூசி, இரண்டு பக்கமும் முழுக்க வெட்டி முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிறகு ஒரு முன்சில்லை வரம்பிலோ கல்லிலோ ஏற்றி மறுபடி வெட்டிப் பாருங்கள். முற்றத்தில் உரசாதது காரைநகர்ப் பக்கம் ஒரு குழியில் விழும்போது உரசும்.

சோக்கு உள் விளிம்பில் அழிந்து, சசியிலோ ஸ்பிரிங்கிலோ வெள்ளை பட்டிருந்தால் சில்லு கூடுதலாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வெளி விளிம்பு அழிந்து மட்காட்டின் பின் மூலையில் வெள்ளை பட்டிருந்தால் ஒன்றில் ரயர் உயரம், அல்லது சில்லு கூடுதலாக வெளியே நிற்கிறது.

இங்கே ஓஃப்செற் என்ற எண் வருகிறது. றிம்மின் அகலத்து நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீற்றர் தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. கடைகளில் இதைக் கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்களே அளக்கலாம். றிம்மை முகம் கீழாகக் கிடத்துங்கள். மேலே பலகையை குறுக்காக வைத்து, பலகையிலிருந்து ஹப்பில் ஒட்டும் தட்டை முகம்வரை அளங்கள். 7 அங்குல றிம்மின் விளிம்புக்கு விளிம்பு ஏறக்குறைய 203 மில்லிமீற்றர் இருக்கும், பாதி 101. பலகைக் கணக்கு 111 வந்தால் ஓஃப்செற் கூட்டல் 10. 91 வந்தால் கழித்தல் 10. கூட்டல் கூடக்கூடச் சில்லு உள்ளே போகும், கழித்தல் கூடக்கூட வெளியே வரும்.

இனி கணக்குப் போடுங்கள். 235 இலிருந்து 265 க்குப் போனால் ரயர் 30 மில்லிமீற்றர் அகலம், பக்கத்துக்கு 15. ஓஃப்செற் மாறாவிட்டால் உள்ளே 15, வெளியே 15. ஓஃப்செற்றை 15 குறைத்தால் உள் விளிம்பு பழைய இடத்திலேயே நிற்கும், வெளி விளிம்பு 30 தள்ளிப் போகும். எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்துத்தான் றிம் எடுக்க வேண்டும். றிம்மின் பளபளப்பைப் பார்த்து எடுத்தால் என் கதிதான்.

சின்ன உரசலுக்கு முன் அச்சில் உள்ள திருப்ப எல்லைப் போல்ட்டை இரண்டு மூன்று புரி வெளியே எடுக்கலாம். திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் அது ஒரு தண்டனைதான். மட்காட்டை வெட்டுகிறார்கள். நானும் வெட்டினேன். உப்புக் காற்று வெட்டிய விளிம்பில் ஏறும், அடுத்த மாரிக்குள் அந்த இடம் பொருக்காகும். வெட்டினால் அன்றே துரு மருந்தும் மையும் பூசுங்கள்.

ஸ்பேசர் (ஹப்புக்கும் றிம்முக்கும் இடையே வைக்கும் தட்டு) போட்டு வெளியே தள்ளலாம் என்று யாராவது சொன்னால், ஸ்ரியறிங் பாரமாகும் என்பதையும் பேரிங் சீக்கிரம் போகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சில்லு வெளியே போகப் போக ஒவ்வொரு குழியும் ஸ்ரியறிங்கைப் பிடித்து உதைக்கும். சில்லு மாற்றிய பிறகு கை நோகிறது என்று சொல்பவர்கள் பவர் ஸ்ரியறிங் பம்பை மாற்றுமுன் ஓஃப்செற்றை அளக்க வேண்டும்.

குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம்

கவனித்துக் கொள்ளுங்கள்: எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது? 70 இல் தொடங்கி 90 இல் மறைந்தால் பெரும்பாலும் சில்லுச் சமநிலை. ஒரு குழியில் விழுந்தவுடன் தொடங்கி, வாகனத்தை நிறுத்தும்வரை ஸ்ரியறிங் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே இருந்தால் அது வேறு நோய். முன்னால் முழு அச்சு உள்ள லான்ட் ரோவர், பழைய லான்ட் குறூசர், பற்றோல், ஜிம்னி வகைகளுக்கு அது வரும். கிங்பின் பேரிங், றொட் முனைகள், அச்சைக் குறுக்காகப் பிடிக்கும் கம்பியின் புஷ் இவற்றில் ஆட்டம். பெரிய ரயர் அந்த நோயை உண்டாக்குவதில்லை. உள்ளே ஒளிந்திருந்ததை வெளியே கொண்டுவரும்.

சமநிலையா இல்லையா என்று அறிய முன்சில்லுகளைப் பின்னுக்கு மாற்றுங்கள். நடுக்கம் ஸ்ரியறிங்கை விட்டு இருக்கைக்கு வந்தால் சில்லுதான்.

என் வாகனத்தில் சமநிலை மூன்று தடவை பார்த்தும் நடுக்கம் போகவில்லை. காரணம் நடுத்துளை. கடை அலாய் றிம்கள் பல வாகனங்களுக்கும் பொருந்த வேண்டுமென்று நடுவைப் பெரிதாகச் செய்வார்கள். அப்போது றிம்மை மையத்தில் நிறுத்துவது நட்டின் கூம்பு மட்டும்தான். சில்லு நிலத்தில் நிற்க, ஒரு நட்டை முதலில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினால் றிம் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும். சமநிலை இயந்திரத்தில் சரியாகச் சுற்றும், வாகனத்தில் முட்டை போலச் சுற்றும். ஜக்கில் தூக்கி, ஆறு நட்டையும் கையால் ஓடவிட்டு, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியபோது பாதி நடுக்கம் போய்விட்டது. மீதி ஒரு றிம்மின் வளைவு.

இங்கே மட்டும் அதிகம் காண்கிற இன்னொரு காரணம் உண்டு. கனடாவில் உள்ள அண்ணருடைய ஜீப், வருடத்தில் ஒரு மாதம் ஓடும், மீதி நாள் மாமரத்தின் கீழ் நிற்கும். நின்ற இடத்தில் ரயர் தட்டையாகும். முதல் சில கிலோமீற்றர் நடுங்கி, ரயர் சூடேறியதும் நடுக்கம் போனால் அதுதான். போகாவிட்டால் ரயர் நிரந்தரமாகத் தட்டையாகிவிட்டது. அந்த ஜீப்பின் ரயர் பூவை (நிலத்தில் படும் வெட்டுப் பகுதியை) பார்த்து "புதுசு" என்று ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் வரியின் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். 2314 என்றால் 2014 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டினால் வருடந்தோறும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடமாகிவிட்டால் பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றுங்கள்.

இழுவை போய்விட்டது, எண்ணெய் குடிக்கிறது

இதற்காக நான் இன்ஜெக்டர் கழற்றினேன். தேவையில்லாத வேலை.

733 உயரத்திலிருந்து 777 க்குப் போனால் 6 வீதம் கூடுதல். ஒவ்வொரு கியரும் 6 வீதம் நீண்டதாகிவிடுகிறது. ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 64 ஓடுகிறீர்கள். தூரமீற்றரும் அதே பக்கம் பொய் சொல்லும்: 100 கிலோமீற்றர் ஓடியதை 94 என்று காட்டும். அதே எண்ணெய், குறைந்த தூரம். ஆகவே எண்ணெய் கூடுதலாகக் குடிப்பது போலத் தெரிவதில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை. 2022 இல் கியூஆர் அட்டைக்கு அளந்து எண்ணெய் அடித்த நாட்களில் இந்த 6 வீதத்தை வைத்து மெக்கானிக்கோடு சண்டை பிடித்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கணக்கைக் கழித்த பிறகும் கூடுதலாக இருந்தால் அகலமும் பாரமும் காரணம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சிக்கல் என்னவென்றால் இங்கே ஏற்றமே இல்லை. பருத்தித்துறையிலிருந்து பண்ணைவரை போனாலும் வாகனம் நாலாம் கியரைக் கீழே தள்ளக் கேட்காது. இழுவை குறைந்தது மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும். முதல் சாட்சி சோழகக் காற்று. சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரி வழியே மன்னார்ப் பக்கம் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். ஐந்தாம் கியர் நிற்காது. இரண்டாவது சாட்சி நுவரெலியாப் பயணம். கம்பளையிலிருந்து றம்பொடை வழியே ஏறும்போது கறுப்புப் புகையும் சூடும். இறக்கத்தில் அதைவிட மோசம், ஏனென்றால் இயந்திரம் பிடித்து நிறுத்தும் பலமும், பிரேக் சில்லைப் பிடிக்கும் பலமும் அதே 6 வீதத்தால் குறைந்திருக்கும். ஏழு பேரும் சாமானும் ஏற்றிய பஜிரோவில் அது காலுக்குத் தெரியும்.

என் கணக்கில் 3 வீதத்துக்குள் நின்றால் கியரையோ பிரேக்கையோ பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் அந்த வாகனத்தின் வேறு மாதிரிகளில் தொழிற்சாலையே பெரிய ரயர் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். போட்டிருந்தால் அந்த மாதிரியின் பின்னச்சுக் கியர் விகிதத்தையும் பாருங்கள். பெரும்பாலும் அதையும் சேர்த்து மாற்றியிருப்பார்கள்.

ஒரே இடத்தில் தேய்கிறது

இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், அல்லது கையால் தடவும்போது ஒரு திசையில் மரவாள் போலச் சுரண்டினால் அலைன்மென்ற். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

நடுவில் மட்டும் தேய்ந்தால் எல்லோரும் "காற்றுக் கூட" என்பார்கள். காற்றைக் குறைத்தும் நிற்காவிட்டால் றிம் அகலத்தைப் பாருங்கள். 265/70 ஆர்16 க்கு 7 முதல் 9 அங்குல றிம் வேண்டும். 235/75 ஆர்15 க்கு 6 முதல் 8. 235/85 ஆர்16 க்கு 6 முதல் 7.5. லான்ட் ரோவரின் ஐந்தரை அங்குல இரும்பு றிம்மில் 265 ஐப் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள் என்றால் பக்கச் சுவர் உள்ளே கிள்ளுப்பட்டு, பூ நடுவில் தொப்பை வைக்கும். அதை எந்தக் காற்றும் தீர்க்காது. அந்த றிம்முக்கு 7.50-16 தான் அழகு, வேலைக்கும் அதுதான்.

புது அளவுக்குக் காற்று எவ்வளவு? கதவுச் சீட்டு இனிப் பாதிதான் உதவும். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் வழக்கமான வேகத்தில் ஓடியதும் மறுபடி அளங்கள். சாதாரண ரயரில் 4 பிஎஸ்ஐ அளவும், தடித்த லொறி வகை ரயரில் 6 அளவும் கூடியிருந்தால் சரி. அதைவிட நிறையக் கூடினால் தொடக்கத்தில் காற்றுப் போதவில்லை, பக்கச் சுவர் மடிந்து சூடாகிறது. கொஞ்சமும் கூடாவிட்டால் காற்று அதிகம். பூவில் குறுக்காகச் சோக்கட்டிக் கோடு போட்டு நேராகப் பத்து மீற்றர் ஓட்டிப் பார்த்தாலும் கோடு எங்கே முதலில் அழிகிறது என்று தெரியும்.

பஸ் கடந்து போனால் ஜீப் ஆடுகிறது

ஏ9 இல் எதிரே வரும் சொகுசு பஸ்களைக் கேட்டால் தெரியும். சொக் அப்சோபரைக் குற்றம் சொல்லுமுன் ரயரின் சுமைக் குறியீட்டைப் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண் அது. 105 என்றால் ஒரு ரயர் 925 கிலோ தாங்கும், 112 என்றால் 1120, 120 என்றால் 1400. மலிவாகக் கிடைத்ததென்று கார் வகை ரயரைக் குறைந்த எண்ணோடு போட்டிருந்தால் பக்கச் சுவர் சுமையில் நெளியும். தொழிற்சாலை போட்ட எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். பக்கத்தில் ஒரு புடைப்புக் கண்டால் அன்றே கழற்றுங்கள், கொழும்புப் பயணம் முடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

முன்னால் ரேடியல், பின்னால் பழைய குறுக்கு இழை ரயர் என்று கலந்திருந்தாலும் ஆடும். வில்லிஸ் ஜீப்பில் 6.00-16 தேடி அலைகிறவர்கள் இதைச் செய்கிறார்கள். ஐந்தும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

தார் றோட்டில் திருப்பத்தில் பிடிக்கிறது, ஃபோர்வீல் கழரவில்லை

நடு டிஃபரன்சியல் (முன் பின் அச்சுகளை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்லுத்தொகுதி) இல்லாத வாகனத்தைக் காய்ந்த தார் றோட்டில் ஃபோர்வீலில் ஓட்டினால் திருப்பத்தில் பிடிக்கும். அது கோளாறல்ல, அதன் இயல்பு. ஆனால் நேரான றோட்டிலும் இறுகி, நெம்புகோல் திரும்பி வர மறுத்தால் முன் பின் ரயர்கள் ஒரே உயரமில்லை.

முன்னால் புது ரயர், பூ 9 மில்லிமீற்றர்; பின்னால் தேய்ந்தது, 3 மில்லிமீற்றர். எண் இரண்டிலும் ஒன்றே. ஆனாலும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 38 மில்லிமீற்றர் வித்தியாசம். ஒரு கிலோமீற்றரில் 16 மீற்றர். மணலில் சில்லு வழுக்கி அந்த 16 மீற்றரைச் சமாளிக்கும். தாரில் வழுக்க இடமில்லை, அந்த முறுக்கு முழுவதும் கியர்பொக்ஸுக்குள் ஏறும்.

உண்மையான சுற்றளவை அறிய, நாலு ரயருக்கும் ஒரே காற்று அடித்து, ரயரின் அடியிலும் நிலத்திலும் சோக்குக் குறி போட்டு, ஒரு முழுச் சுற்று நேராகத் தள்ளி மறுகுறி போடுங்கள். நாலையும் அளந்து எழுதுங்கள். இறுகிப்போன நெம்புகோலுக்கு உடனடி மருந்து: நேராக வைத்துப் பத்து மீற்றர் பின்னுக்கு எடுங்கள், முறுக்கு அவிழும். அடித்து இழுக்காதீர்கள். எப்போதும் நாலிலும் இழுக்கிற, விஸ்கஸ் கப்ளிங் (தடித்த திரவத்தால் முன் பின் அச்சுகளை இணைக்கும் பகுதி) உள்ள வாகனமென்றால் இந்த வித்தியாசம் சத்தமில்லாமல் அந்தக் கப்ளிங்கைத் தின்றுவிடும்.

கிழமைக்கு இரண்டு தடவை காற்று இறங்குகிறது

ஆணி இல்லை, வால்வில் குமிழி இல்லை. சவர்க்காரத் தண்ணீரை றிம்மும் ரயரும் சேரும் விளிம்பில் ஊற்றுங்கள். எங்கள் ஊரில் பாதி வழக்கு அங்கேதான் முடியும். பண்ணைப் பாலத்திலும் பொன்னாலைப் பாலத்திலும் இரண்டு பக்கமும் கடல். உப்பு விளிம்பில் இருந்து றிம்மைத் தின்னும். ரயரைக் கழற்றி, கம்பித் தூரிகையால் நல்ல இரும்பு தெரியும்வரை சுரண்டி, துரு மருந்து பூசிக் காயவிட்டு ஏற்றுங்கள். குழி விழுந்த றிம்முக்கு இது சில மாதத் தவணைதான். பழைய லான்ட் ரோவர் இரும்பு றிம்கள் பல ரியூப்புக்காகவே செய்தவை, அவற்றில் ரியூப் இல்லாமல் ஏற்றாதீர்கள். பூட்டு வளையம் போட்ட பிரி றிம் இருந்தால் வீட்டில் தொட வேண்டாம். கூண்டு உள்ள இடத்தில்தான் காற்றடிக்க வேண்டும். வளையம் பறந்தால் ஆளைக் கொல்லும்.

மணலில் புதைகிறது

மணற்காட்டுக்கோ சுண்டிக்குளத்துக்கோ போய்ப் புதைந்து வந்த மறுநாளே அகல ரயர் தேடுகிறார்கள். முதலில் காற்றை இறக்கிப் பாருங்கள். 32 இலிருந்து 18 க்கு இறக்கினால் ரயர் மண்ணில் படும் இடம் நீளமாகும். நீளம்தான் தூக்குகிறது, அகலம் கூடினால் முன்னே தள்ள வேண்டிய மணலும் கூடும். ஒல்லியான 7.50-16 போட்ட பழைய லான்ட் ரோவர் காற்றை இறக்கிவிட்டு நிதானமாகப் போகும். பக்கச் சுவரே இல்லாத 20 அங்குல றிம் ஜீப் பின்னால் புதைந்து நிற்கும். சேற்றுக்கென்று செய்த பெரிய கட்டை ரயரும் மணலில் உதவாது, தோண்டும். வலிகாமத்துச் செம்மண்ணில் மாரி மழையில் தோட்டத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு மட்டும் அது வேண்டும். அங்கே சாதாரணப் பூவை ஒரு நிமிடத்தில் மண் அடைத்துவிடும்.

காற்றிறங்கிய ரயரோடு சடாரென்று வெட்டாதீர்கள், றிம்மை விட்டுக் கழரும். தார் ஏறுமுன் திருப்பி அடியுங்கள். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் முழுக்கக் கழுவுங்கள்.

இதெல்லாம் பார்த்து அளவு தேர்ந்தபிறகு கடைசியாக ஒன்று. ஐந்தாவது சில்லும் அதே அளவில் இருக்கிறதா? நான் நாலுதான் வாங்கினேன். ஒரு இரவு ஆனையிறவுக்கு இந்தப் பக்கம் பின்சில்லு போய், இரும்புக்காரரிடம் போகாமல் தப்பியிருந்த ஒரே பழைய 15 அங்குல உதிரிச் சில்லைப் பூட்டி ஓடினேன். பின்னச்சில் ஒரு பக்கம் 44 மில்லிமீற்றர் உயரம் குறைவு, டிஃபரன்சியல் வழி முழுக்கச் சுற்றிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து கையை வைத்துப் பார்த்தபோது அதன் மூடி சுட்டது. அடுத்த கிழமை ஐந்தாவது றிம்முக்கு அலைந்தேன். அந்த வடிவம் முடிந்துவிட்டது என்றார்கள். இப்போது பின்கதவில் தொங்குவது 265/70 ஆர்16 தான், ஆனால் கறுப்பு இரும்பு றிம். ஓஃப்செற் அளந்து வாங்கியது. கூம்பு நட்டு ஆறும் ஒரு பையில் ஜக்கோடு இருக்கிறது.